எரிச்சலுக்கு மூன்றாண்டு

இந்த உலகத்தில் என்னை 'மதிப்பிற்குரிய' என்று அழைப்பது என் கைப்பேசி ஒன்றுதான். வீட்டில் அப்படி எந்தப் பட்டமும் எனக்குக் கிடையாது. மனைவிக்கு நான் 'ஏங்க'. பிள்ளைகளுக்கு 'அப்பா, டிவியை மறைக்காத'. மாமியாரோ என்னிடம் நேராகப் பேசவே மாட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "உன் வீட்டுக்காரரு சாப்ட்டாராமா?" என்று மகளைக் கேட்பார். புதுச்சேரியில் பாகூர் ஏரிக்கரைப் பக்கம் எங்கள் ஊர் மளிகைக் கடையில் எனக்கு 300 ரூபாய்க்குச் சாமான் கடனாகக் கிடைக்காது. கைப்பேசியிலோ எட்டு லட்சம் ரூபாய் கடன் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டுக் காத்திருக்கிறது. அனுமதித்தவருக்கு என்னைத் தெரியாது, மளிகைக்காரருக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கடனாவது பரவாயில்லை. ஒருநாள் டவர் வந்தது. 'உங்கள் நிலத்தில் செல்போன் கோபுரம் அமைக்கத் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். முன்பணம் பல லட்சம், மாத வாடகை பல ஆயிரம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை.' என் நிலம் என்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம். அதில் ஒரு முருங்கை, ஒரு துணிக்கொடி, கோழிக்கூடு. இருந்தாலும் நான் விட்டுவிடவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். "முருங்கைக்கே அங்க எடம் பத்தல, டவருக்குக் கிளையை வெட்டப் போறீங்களா?" என்றாள் மனைவி. அந்தக் குடும்ப வேலை எனக்கா பையனுக்கா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே 'பதிவுக் கட்டணம்' கேட்டு அடுத்த செய்தி வந்தது. கோபுரத்துக்கு இடம் கொடுப்பவரிடம் எந்த நிறுவனமும் பணம் கேட்காது. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கென்று தடையில்லாச் சான்று எதுவும் தருவதும் இல்லை. ஆணையமே இதைப் பலமுறை விளம்பரம் செய்து சொல்லியிருக்கிறது. எனக்குச் சொன்னது கல்லூரியில் படிக்கும் மகள். முருங்கை தப்பித்தது.

பிறகு மின்சாரச் செய்தி. 'போன மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்.' 2022 வாக்கில் இந்தியா முழுக்க ஓடிய மோசடி இது. இதில் மட்டும் நான் ஏமாறவில்லை. அறிவு காரணமல்ல, அனுபவம். எங்கள் தெருவில் கரண்ட் ஒருநாளும் நேரம் குறித்துச் சொல்லிவிட்டுப் போனதில்லை.

விளம்பரச் செய்திகளையாவது நிறுத்த ஒரு வழி உண்டு, 1909க்கு START 0 என்று அனுப்ப வேண்டும் என்றார்கள். அதைத் தமிழில் எப்படி அடிப்பது என்று நான் கேட்க, மகள் போனை வாங்கி அவளே அடித்து அனுப்பினாள். விளம்பரங்கள் குறைந்தன. ஆனால் அது பதிவு செய்துகொண்ட கம்பெனிகளுக்குத்தான் கடிவாளம். 140 என்று தொடங்கும் எண் என்றால் ஏதோ விற்க வருகிறார்கள், 1600 என்றால் வங்கி, காப்பீடு போன்றவை. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விற்கிறவன் சட்டத்தை மதிக்காதவன். அவன்மேலும் அதே 1909இல் புகார் செய்யலாம். முன்பு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும் என்று இருந்ததை 2025இல் ஏழு நாளாக்கினார்கள். என்னைப் போன்றவர்கள் செய்தியைத் திறந்து படிக்கவே நாலு நாள் ஆகும் என்று யாரோ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

1909க்கும் அடங்காத ஓர் இனம் இருக்கிறது. சொந்தக்காரர்கள். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பங்காளிகள், சம்பந்திகள், சொல்தா (பிரெஞ்சு ராணுவ) பென்ஷன் குடும்பத்து உறவுகள் என்று எல்லாரும் இருக்கிறோம். ஃபிரான்சில் இருக்கும் பெரியப்பா மகன் சாப்பிட்டு முடித்து இரவு பத்தரைக்கு 'இனிய இரவு' என்று ரோஜாப்பூ அனுப்புவார். கோடையில் அது இங்கே அதிகாலை இரண்டு மணி. நாலரைக்குச் சித்தப்பா எழுந்து 'இனிய காலை' என்று அதே ரோஜாவை அனுப்புவார். வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேர் ஓடினால், பிரெஞ்சு கவர்னர் காலத்து வழக்கப்படி துணைநிலை ஆளுநர் வடம்பிடிக்கும் காட்சி ஆளுக்கொன்றாக வந்துகொண்டே இருக்கும். தேர் நிலைக்கு வந்த பிறகும் எங்கள் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும். ரேஷன் அரிசிக்குப் பதில் பணம் வங்கியில் விழுந்துகொண்டிருந்த காலத்தில், பணம் வந்த செய்தி இந்த ரோஜாக்களுக்கு அடியில் எங்கோ கிடந்தது.

இதற்கெல்லாம் சட்டமே கிடையாதா என்று ஒருநாள் கொதித்துப்போய்த் தேடினேன். இருந்திருக்கிறது! தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிறருக்கு எரிச்சல், அசௌகரியம் உண்டாக்கும் செய்தி அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை. படித்தபோது எனக்குச் சித்தப்பாவின் முகம் கண்முன் வந்தது. ஒரு ரோஜாவுக்கு மூன்றாண்டு என்றால், அவர் இதுவரை அனுப்பியதற்கு அவருடைய பேரன் காலம்வரை உள்ளே இருக்க வேண்டும்.

மேலே படித்ததில் சிரிப்பு நின்றது. அந்தப் பிரிவில் 2012 அக்டோபர் 30 அன்று கைதானவர் நம் புதுச்சேரி வணிகர் ஒருவர். அப்போது மத்திய அமைச்சராக இருந்த ப.சிதம்பரத்தின் மகன் கார்த்தி பற்றி அவர் ட்விட்டரில் ஒரு வரி எழுதியிருந்தார். கார்த்தி புகார் கொடுத்தார். அந்த வணிகரை ட்விட்டரில் தொடர்ந்தவர்கள் அப்போது 16 பேர் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் குழுவில் என் மச்சானுக்கு அதைவிடப் பெரிய சபை உண்டு. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவைச் செல்லாது என்று தூக்கி எறிந்தது. ஒருவருக்கு எரிச்சல் தருவது இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், இப்படிப் பிடி கிடைக்காத சொற்களை வைத்து ஆளை உள்ளே போட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சரியான தீர்ப்பு. சித்தப்பா பிழைத்தார், அதைக் கொண்டாட அவர் ஒரு ரோஜா அனுப்பினார்.

ஆக, எரிச்சல் குற்றம் இல்லை. எது குற்றம் என்பதை எனக்குக் காட்டியது என் மகளின் போன்.

வில்லியனூரில் கல்லூரிக்குப் போகிறாள். தெரியாத எண்ணிலிருந்து முதலில் 'ஹாய்'. அப்புறம் 'சாப்டியா'. அவள் பதில் போடவில்லை. அப்புறம், 'இன்னிக்கு பச்சை சுடிதார்ல பஸ்ல பாத்தேன்'. கடைசியாக, பேசாவிட்டால் போட்டோவை எங்கேயோ போட்டுவிடுவேன் என்று ஒன்று. அதை அம்மாவிடம் காட்டினாள். அம்மா என்னிடம் காட்டினாள். குடும்பத் தலைவன் எழுந்தான். கடன் கொடுக்க வந்தவனிடம்கூட 'சார், வேண்டாம் சார்' என்று குழையும் நான், பெற்ற மகளிடம் சிங்கமாகி, "போனைக் குடு இப்படி! இனிமே உனக்குப் போனே கிடையாது!" என்று கர்ஜித்தேன்.

"அவ போனை ஏங்க புடுங்குறீங்க? தைரியம் இருந்தா அவன் போனைப் போய்ப் புடுங்குங்க" என்றாள் மனைவி. மாமியார் முதல் முறையாக என்னிடம் நேராகப் பேசினார்: "உக்காருங்க மாப்ள."

உட்கார்ந்தேன். எங்கள் வீடு மட்டும் இப்படி இல்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பாலும் இதுதான் நடைமுறை: மிரட்டுகிறவன் நிம்மதியாக இருப்பான், மிரட்டப்பட்டவளின் சிம் கார்டு உடைபடும், படிப்பும் சில நேரம் உடைபடும். அது தெரிந்துதான் பெண்கள் வீட்டில் சொல்வதில்லை. சொல்லமாட்டார்கள் என்று தெரிந்துதான் அவன் அனுப்புகிறான். ரோஜாவுக்குச் சிறை கேட்ட நான், இதற்குப் பெண்ணைச் சிறை வைக்கப் போனேன்.

மகள் ஏற்கெனவே வேண்டியதைச் செய்திருந்தாள். ஒன்றையும் அழிக்கவில்லை. எண், தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் பிளாக் செய்திருந்தாள். விருப்பமில்லை என்று தெரிந்தும் ஒரு பெண்ணை விடாமல் தொடர்புகொள்வதும், இணையத்தில் அவளைக் கண்காணிப்பதும் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் பின்தொடரும் குற்றம். முதல் முறைக்கு மூன்றாண்டு வரை, மறுபடி செய்தால் ஐந்தாண்டு வரை. 66ஏ போனாலும் அந்த மூன்றாண்டு இங்கே, போக வேண்டிய இடத்தில், இருக்கிறது. மிரட்டலுக்கு 351ஆம் பிரிவு. யாரென்று மறைத்துக்கொண்டு மிரட்டினால் தண்டனை கூடும். தாயும் மகளும் சேர்ந்து புகார் எழுதினார்கள். முன்னுரையாக நானும் ஒரு பாரா எழுதிக் கொடுத்தேன். அதை அடித்துவிட்டு அனுப்பினார்கள். அந்த எண் அதன்பின் பேசவில்லை.

என்னைப் போன்ற குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மகளோ மருமகளோ போனை உங்கள் பக்கம் நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு படியுங்கள். பதில் அடிக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930ஐக் கூப்பிடுங்கள். மிரட்டல், ஆபாசம் என்றால் அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் செய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அதில் பதியலாம். புதுச்சேரியில் சைபர் குற்றத்துக்கென்றே தனிக் காவல் நிலையம் உண்டு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சித்தப்பாவின் ரோஜாவுக்கு மட்டும் எண் எதுவும் இல்லை. குழுவை மியூட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.