இடுப்புத் தூரம்: பிள்ளையோடு காட்டுவெளியில் கூடாரம் அடிக்க இடம் தேரும் முறை பற்றிய ஓர் ஆய்வு

பாயிரம் சொல்லாமல் நூலுக்குள் நுழைவது நம் மரபுக்கு ஆகாது. ஆகவே அதை முதலில் முடித்துவிடுவோம். நுதலிய பொருள்: மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையைக் கூட்டிப்போய், கட்டண முகாம் அல்லாத திறந்தவெளியில் ஓர் இரவு தங்க இடம் தேர்வது. எல்லை: தெற்கே இங்கிலாந்து, மற்ற மூன்று பக்கமும் கடல், அதாவது ஸ்காட்லாந்து. கேட்போர்: சிறுபிள்ளை உள்ளவர்கள்; எனவே எதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் கேட்க இயலாதவர்கள். பயன்: விடியும்வரை கூடாரத்துக்குள்ளேயே இருத்தல்.

ஸ்காட்லாந்தை எல்லையாக வகுத்ததற்குக் காரணம் சட்டம். 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது முதல், அங்கே பெரும்பாலான நிலத்தில், அது யாருடைய சொத்தானாலும், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் கூடாரம் அடிக்கலாம். லோமண்ட் ஏரி, ட்ரோசக்ஸ் தேசியப் பூங்காவின் சில கரைகளில் மட்டும் 2017-லிருந்து மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். இங்கிலாந்துக்குள் இறங்கினால் நிலக்காரரைக் கேட்டாக வேண்டும். டார்ட்மூர் விலக்கு, அந்த விலக்கும் கோர்ட் ஏறியது. கூடாரம் போட்டு இரவு தங்குவது ‘திறந்தவெளிப் பொழுதுபோக்கு’ ஆகுமா என்ற கேள்விக்கு 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஆகாது என்றது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகும் என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் ஆகும் என்று உறுதிசெய்தது. தூங்குவது எப்படிப் பொழுதுபோக்காகும் என்பதுதான் அதில் ஒரு முடிச்சு. நாலு வயதுப் பிள்ளையோடு போய்வந்த யாராவது ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தால், கூடாரத்துக்குள் தூக்கம் என்று ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லி அந்த முடிச்சை முதல் நாளே அவிழ்த்திருப்பார்.

இனி நூலுக்குள். நிலத்துக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள் வகுத்த மொழியில் எழுதுவதால், கூடாரம் அடிக்கும் இடத்துக்கும் அம்மூன்றையே கொள்கிறோம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் தூரத்திலிருந்து புல்வெளியாகத் தெரிவதில் நிறைய இடம் சதுப்பு. வெள்ளைப் பஞ்சுத் தலையை ஆட்டும் பஞ்சுப்புல் நின்றால் அடியில் பீட் என்னும் ஊறிய கரிமண் இருக்கிறது என்று பொருள். கோரை அடர்ந்த இடமும் அப்படியே. ஆனால் பிள்ளைக்குப் பிடிப்பவை இவ்விரண்டுமே. குதித்தால் சத்தம் வருகிற நிலம் வேறு ஏது? பள்ளத்தாக்கின் அடிமட்டமும் கூடாது. தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கி அங்கேதான் தேங்கும். கொஞ்சம் மேலேறினாலே வித்தியாசம் தெரியும். பட்ட கிளை தொங்கும் மரத்தடியும் வேண்டாம். ஓடை பக்கத்தில் இருக்க வேண்டும், கொதிக்கவைத்துக் குடிக்க. ஆனால் கூடார வாசல் அதைப் பார்த்து இருக்கக் கூடாது. மலைமேல் பெய்த மழை அறிவிப்பில்லாமல் வரும். பிள்ளையும் அறிவிப்பில்லாமல்தான் கிளம்பும்.

சரிவான தரையில் தலைமாடு மேட்டுப்பக்கம் என்பது பெரியவர்களுக்கான விதி. பிள்ளைகள் தலைமாடு, கால்மாடு என்ற பாகுபாட்டை ஏற்பதில்லை. எந்தச் சரிவிலும் அவர்கள் பெற்றோருக்குக் குறுக்காகவே படுப்பார்கள் என்பதால் அந்த விதி இங்கே விரிக்கப்படவில்லை.

பொழுதுதான் பெரிய சிக்கல். இன்வர்னஸ் பக்கம் ஜூன் நடுவில் சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டும். நாலரைக்கு முன்பே திரும்ப வந்துவிடும். இடையில் இருப்பதும் முழு இருட்டு அல்ல. மாலைக்கும் வைகறைக்கும் நடுவே யாமம் என்று ஒரு பொழுது இருந்தாக வேண்டும் என நம்பி, “இருட்டினதும் தூங்கிடணும், சரியா தங்கம்?” என்று வாக்கு வாங்கிய தந்தை, பத்தரை மணிக்கு “இன்னும் இருட்டலையே அப்பா” என்ற பதிலை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். தர்க்கத்தில் அந்தப் பதிலுக்கு மறுப்பு கிடையாது. இடத்தில் உண்டு: கோடையில் அங்கே சூரியன் வடமேற்கில் மறைகிறது. அந்தத் திசையில் ஒரு குன்று நிற்கும்படி கூடாரம் அடித்தால், ஒரு மணி நேரம் முன்பாகவே நிழல் விழும். வடகிழக்கிலும் ஒரு குன்று இருந்துவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டாம்.

கருப்பொருளில் தலையாயது மிட்ஜ். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பறக்கும் கடிகொசு. ஆய்வுக் கட்டுரை என்பதால் அறிவியல் பெயரும் தர வேண்டும்: குலிகாய்டிஸ் இம்பங்டேடஸ். கடிப்பது பெண். ஈரமான கரிமண்ணில் பிறந்து, நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை மோந்து, ஏறக்குறைய மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்றில்லாத அந்தியிலும் விடியலிலும் திரளாக வரும். காற்று மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் அதனால் பறக்க முடியாது. இதிலிருந்துதான் இத்துறையின் இரண்டு மதங்கள் பிறந்தன. மேட்டு மதத்தார் காற்று வீசும் உச்சியே இடம் என்பர். மறைவு மதத்தார் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிய இடமே இடம் என்பர். முதல் மதத்தைப் பின்பற்றினால் கூடாரத் துணி இரவெல்லாம் படபடத்து, பிள்ளை விழித்து, யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று கேட்கும். இரண்டாவதைப் பின்பற்றினால் யாரும் தட்ட வேண்டியதில்லை. அவை ஏற்கெனவே உள்ளே இருக்கும். இரண்டையும் ஆராய்ந்து நாம் கொண்ட முடிவு மேட்டின் தோள்: உச்சிக்குச் சற்றுக் கீழே, காற்று வருடிப்போகும் ஓரம். இது சமரசம்தான். சமரசத்தை இகழ்கிறவருக்குப் பிள்ளை இல்லை என்று கொள்க.

அடுத்தது உண்ணி. பிராக்கன் என்னும் பெரணிப் புதரிலும் உயர்ந்த புல்லிலும் காத்திருக்கும். சிலது லைம் நோயையும் கொண்டுவரும். பெரணியின் உயரமும் பிள்ளையின் உயரமும் ஏறத்தாழ ஒன்று என்பதால், பெரியவருக்குக் காலில் ஏறுவது பிள்ளைக்குக் கழுத்தில் ஏறும். படுக்குமுன் காதுக்குப் பின்னால், மயிரோரம், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பார்த்தே ஆக வேண்டும். ஆடுகளைப் பற்றி ஒரு வரி: அவை படுத்திருந்த இடம் சமதளமாக, காய்ந்ததாக, காற்று மறைவாக இருக்கும். இட ஆய்வில் ஆடு நம்மைவிடத் தேர்ந்தது. ஆனால் அது தன் ஆய்வேடுகளை அங்கேயே உதிர்த்துவிட்டுப் போயிருக்கும். பிள்ளை அவற்றை எண்ணிப் பார்க்க விரும்பும்.

உரிப்பொருள் ஒன்றே: வீடு திரும்பலும் திரும்பல் நிமித்தமும்.

இதை உணராதவர்கள்தான் இடத்தைப் படம் பார்த்துத் தேர்கிறார்கள். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் சாண்ட்வுட் விரிகுடா இருக்கிறது. இளஞ்சிவப்பு மணல், கடலுக்குள் தனித்து நிற்கும் பாறைத்தூண். பிளேர்மோர் என்னும் இடத்தில் காரை விட்டுவிட்டு நாலு மைல், அதாவது ஆறரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடைக்கு நேரம் கணிக்க 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் இரண்டாயிரம் அடிக்கு இன்னும் ஒரு மணி நேரம். இன்றும் மலை நடப்போர் கொண்டாடும் விதி. ஆனால் அதில் குச்சிக்கு இடமில்லை. வழியில் கிடக்கும் ஒவ்வொரு குச்சியையும் எடுத்து, முன்பு எடுத்த குச்சியோடு ஒப்பிட்டு, எதை விடுவது என்று முடிவெடுக்க ஆகும் நேரத்தை நெய்ஸ்மித் கணக்கில் சேர்க்கவில்லை. திரும்பும்போது அந்தக் குச்சிகளை யார் சுமப்பது என்பதையும் அவர் சொல்லவில்லை.

ஆகவே புதிய அளவை தேவைப்படுகிறது. கூப்பிடு தூரம் என்ற அளவு நம்மிடம் உண்டு. அது பகலுக்குப் பொருந்தும். இரவுக்கு நாம் முன்வைப்பது இடுப்புத் தூரம். ஓர் ஆள், ஒரு கையில் டார்ச்சோடு, “வீட்டுக்குப் போலாம்” என்று அழும் பிள்ளையை இடுப்பில் வைத்து, இடுப்பு மாற்றாமல் நடக்கக்கூடிய நீளம் எதுவோ அது ஓர் இடுப்பு. நாலு வயதுப் பிள்ளை சுமார் பதினாறு கிலோ. மேடுபள்ளமான புதர்நிலத்தில் ஓர் இடுப்பு அரைக் கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. நல்ல இடம் காரிலிருந்து ஓர் இடுப்புக்குள் இருக்க வேண்டும். சாண்ட்வுட், பதின்மூன்று இடுப்பு.

இந்த அளவையிலிருந்து கிளைக்கும் செய்முறை எளிது. இடத்தைத் தேடுமுன் திரும்பும் வழியைத் தேட வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே, வெறுங்கையோடு, அந்த வழியை ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும். அதில் ஓடை குறுக்கிட்டால் அந்த இடம் தள்ளுபடி. ஏறித் தாண்டும் வேலி இருந்தாலும் தள்ளுபடி. அப்படி ஒரு வழியின் நுனியில் எது கிடைக்கிறதோ, அதுவே முகாம். காட்சி அழகு இதற்குப் பிறகு வரும் பேச்சு.

இங்கே ஒரு தடை எழும். அணுகுரிமைக்கு ஸ்காட்லாந்து வகுத்த நடைமுறைக் கோவை சாலையையும் வீடுகளையும் விட்டு நன்றாகத் தள்ளிப்போ என்கிறதே? உண்மை. சாலையை ஒட்டியே கூடாரம் அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு எட்டிவ் பள்ளத்தாக்கே சான்று. 2012-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தலைகாட்டிய அந்த ஒற்றைவழிச் சாலையோரம் குப்பையும் கரிந்த புல்லும் கிடப்பதாக ஓயாத புகார். நார்வேயின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டிலிருந்து 150 மீட்டர் என்று எண்ணாகவே சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்துக் கோவை, சாலை விஷயத்தில் எண் சொல்லவில்லை. உரையாசிரியர்கள் பிழைப்பதே இப்படிப்பட்ட இடங்களில்தான்: நன்றாகத் தள்ளி என்பது, சாலையிலிருந்து கூடாரம் தெரியாத, ஆனால் ஓர் இடுப்பைத் தாண்டாத தொலைவு என்று உரை கொள்க. நடுவே ஒரு மேடு இருந்தால் இரண்டும் பொருந்தும்.

அதே கோவை எண் சொல்லும் ஓர் இடமும் உண்டு. சிறுநீர் கழிப்பது நீர்நிலைகளிலிருந்து குறைந்தது முப்பது மீட்டர் தள்ளி. “அப்பா, ஒண்ணுக்கு” என்ற அறிவிப்புக்கும் நிகழ்வுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கடக்கக்கூடிய தூரம் ஐந்து மீட்டர். ஆகவே கூடாரமே ஓடையிலிருந்து முப்பத்தைந்து மீட்டர் தள்ளி அமைய வேண்டும் என்பது கணிதம்.

இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இந்த அளவை பொருந்துமா என்பது மேலாய்வுக்குரியது. ஆளுக்கு இடுப்பு இரண்டு உண்டு என்று சிலர் வாதிடுவர். டார்ச்சை யார் பிடிப்பது என்பதற்கு அவர்கள் இன்னும் விடை சொல்லவில்லை.