இதனால் அறியப்படும் நீதி

ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த அன்று சாருக்குத் தூக்கம் வராது. அதில் ஒரு நீதியைக் கண்டுபிடித்து யாரிடமாவது ஒப்படைத்தால்தான் வரும். அந்த யாரோ பெரும்பாலும் நான். புதுக்கோட்டை கீழராஜவீதி டீக்கடையில் நான் கிளாஸை வாயில் வைக்கிற நேரம் பார்த்து, "தம்பி, இதுலேருந்து நாம என்ன தெரிஞ்சுக்கிறோம்?" என்பார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பதில் சொல்லாமல் எழுந்து போக முடியாது.

'மோகமுள்' படித்தார். பாபு யமுனாவுக்காக ஆண்டுக்கணக்கில் உருகியதும் ரங்கண்ணாவின் சங்கீதமும் எதற்காம்? "குடி போறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னு விசாரிச்சுக்கணும்." பக்கத்து வீட்டுத் தங்கம்மாவைத் தாண்டி அவர் கண்ணில் வேறு எதுவும் படவில்லை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளே சென்னைக்கு வந்து, பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். சார் வருத்தப்பட்டார். "முன்பின் தெரியாத ஆளை நம்பி ஆயுள் சந்தா கட்டலாமா? வருஷ சந்தாதான் நமக்குப் பாதுகாப்பு."

'ஒரு புளியமரத்தின் கதை'க்கு நீதி, மரம் வளர்ப்போம். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மாவட்டத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனதும், "சுந்தர ராமசாமி 1966-லயே சொல்லிட்டாரு" என்று கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொன்னார். சுந்தர ராமசாமி சொன்னது அதுவல்ல. அந்த மரத்தைக் கொன்றது புயலல்ல, மனிதர்கள் வைத்த விஷம்.

பேரப்பிள்ளைகளைக் கொடும்பாளூருக்கு அழைத்துப் போனார். மூன்றில் இரண்டு மட்டும் மிஞ்சி நிற்கிற மூவர் கோயில் முன்னால் நிற்கவைத்து, 'பொன்னியின் செல்வன்' வானதி இந்த ஊர்க்காரிதான் என்றார். பிள்ளைகள் ஆவலாகக் கேட்டார்கள். அத்தோடு விட்டாரா? "அவ ஏன் அடிக்கடி மயக்கம் போட்டு விழுறா? காலையில சாப்பிடாமப் பள்ளிக்கூடம் போனா இப்படித்தான்."

எங்கள் ஊர்த் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் வாழ்நாளெல்லாம் சேர்த்த லட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள். பழைய முதற்பதிப்புகளைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். சாரும் போனார். ஒரு முதற்பதிப்பைப் பார்த்துவிட்டு வந்து, "இதுலயும் அதே கருத்துதான் தம்பி, மாறவே இல்லை" என்று நிம்மதியாகச் சொன்னார்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். கி. ராஜநாராயணனின் 'கதவு' கதைக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் கதவில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள். கதவில்லாத வீட்டில் பனி புகுந்து கைக்குழந்தை செத்துப்போகிறது. சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வரியை ஒழுங்கா கட்டிடணும் தம்பி."

இவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்தக் கதையைச் சொல்லும்போது தொண்டை கம்மியது, நானே பார்த்தேன். ஆனால் அழுகையை அழுகையாகவே விட்டுவைக்க அவருக்குத் தெரியாது. முப்பது நாற்பது வருஷம் கோனார் நோட்ஸோடு குடித்தனம் செய்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழா வந்தால் பென்ஷன் பணத்தில் இரண்டு பை நிறைய வாங்குவார், அதில் ஒரு பை விடுதிப் பிள்ளைகளுக்குப் போகும். படிக்காமலே இலக்கியம் பேசுகிறவர்கள் நிறைந்த ஊரில் இவர் கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர். அதனால்தான் கோபமும் அதிகமாக வருகிறது.

என் புதுமைப்பித்தன் கதைத் தொகுதி அவரிடம்தான் இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது ஓரங்களில் சிவப்பு மையில் 'நீதி 1', 'நீதி 2' என்று எழுதியிருந்தார். 'செல்லம்மாள்' கதையின் கீழே, "உடம்பை அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும்."

சார், நீதியையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள்.