பந்தி பரிமாறியவர்களோடு போன மாப்பிள்ளை

கேள்வி: அறுபதுகளில் வந்த பிரிட்டிஷ் ராக் குழுக்கள் எல்லாம் ஏன் அற்பாயுசில் போயின? நம் பக்கம் அப்படி ஏதும் உண்டா?
– பெயர் வேண்டாம், பாகாயம்

பதில்: 'எல்லாம்' என்காதீர்கள், ரோலிங் ஸ்டோன்ஸ் தாத்தாக்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் 'பிளைண்ட் ஃபெய்த்' அசல் அற்பாயுசு. எரிக் கிளாப்டன், ஸ்டீவ் வின்வுட், ஜிஞ்சர் பேக்கர், ரிக் கிரெச் என்று நாலு பேர். 1969 ஜூன் 7-ல் லண்டன் ஹைட் பார்க்கில் முதல் கச்சேரி, ஆகஸ்ட் 24-ல் ஹவாயில் கடைசிக் கச்சேரி. உங்கள் ஊர் ஹாஸ்டலில் சேர்ந்த பையனுக்கு மெஸ் சாம்பார் பழகுவதற்குள் கடையைக் கட்டிவிட்டார்கள்! ஒரே ஆல்பம், ஆறே பாட்டு. அது செப்டம்பரில் முதலிடம் பிடித்தபோது மேடையேறக் குழு இல்லை. காரணம்? அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தங்களுக்கு முன்னால் வாசிக்க வந்த டெலேனி அண்ட் பானி கோஷ்டியின் மேல் கிளாப்டனுக்கு மனசு போய்விட்டது. கல்யாண மாப்பிள்ளை, பந்தி பரிமாற வந்தவர்களோடு வேனில் ஏறிப் போன மாதிரி.

நம் பக்கம், சிம்லா சிகரெட்டின் பெயரில் 'சிம்லா பீட்' என்று ராக் போட்டி நடந்தது. 1970, 1971 என இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. முதல் தட்டில் மெட்ராஸ் பையன்களின் குழு ஒன்று உண்டு. பெயர் 'கன்ஃப்யூஷன்ஸ்'. பெற்றோர் வைத்த பெயராகத்தான் இருக்கும். பரணில் அந்தத் தட்டு அகப்பட்டால் பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் அதைத் தேடி அலைகிறார்கள்.