அறமும் பசுமையும் கமழும் அச்சகக் கூட்டுறவு: ஓர் எளிய வழிகாட்டி

தனியாக அச்சகம் வைத்தால் முதலாளி என்பார்கள். வேலை பார்ப்பவர்களே உரிமையாளர்கள் என்று கூட்டுறவாகத் தொடங்கினால் ‘தோழர்’ என்பார்கள். கூடவே சுற்றுச்சூழலையும் சேர்த்துக்கொண்டால் மேடையில் பொன்னாடை நிச்சயம். வழி இதோ.

1. பெயர்ப் பலகை: பெயரில் துளிர், தளிர், வேர் ஏதாவது ஒன்று கட்டாயம். பக்கத்தில் இரண்டு இலை. பலகையை ஃப்ளெக்ஸில் அடித்தால் மலிவு. அது பி.வி.சி. பிளாஸ்டிக் என்பதை இலைகள் மறைத்துவிடும்.

2. ஜனநாயகம்: 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத் தொழிலாளர்கள் கூட்டுறவுக் கடை தொடங்கியபோது, பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு என்று வைத்தார்கள். நீங்களும் அப்படியே வையுங்கள். பொதுக்குழுவில் டீயா காபியா என்று வாக்கெடுங்கள். கடன், மெஷின் விலை, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதையெல்லாம் தலைவர் முந்தின நாளே முடித்துவிட்டால் கூட்டம் சீக்கிரம் கலையும். ராத்திரி மெஷினை யார் கழுவுவது? கடைசியாகச் சேர்ந்த பையன். ஒருமனதாக.

3. உறுப்பினர்கள்: மெஷின்மேன், டிசைனர், கட்டிங் ஆள் எல்லாரும் உறுப்பினர்கள். அச்சான தாளை, அதாவது ஃபாரத்தை, மடித்து, அடுக்கி, பசை தடவும் பெண்கள்? அவர்கள் ‘வேலைக்கு வருகிறவர்கள்’. ஆயிரம் ஃபாரத்துக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் பேசிவிடுங்கள். ஆண்டறிக்கையின் அட்டையில் அவர்கள் சிரிக்கும் படம் வரட்டும். லாபம் பிரிக்கும்போது படம் போதும்.

4. காகிதம்: கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. வாடிக்கையாளரிடம் இதைப் பெருமையாகச் சொல்லுங்கள். அவர் தாளைத் தடவிப் பார்த்து, “இன்னும் வழவழன்னு கிடைக்காதாண்ணே?” என்பார். உடனே ஆர்ட் பேப்பரை எடுத்து, மேலே லேமினேஷனும் போட்டுக் கொடுங்கள். அந்த பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தாளை மறுபடி கூழாக்குவது பெரும்பாடு. அதனாலென்ன, பின்னட்டையில் ‘மரம் காப்போம்’ என்று இலவசமாக அடித்துத் தாருங்கள்.

5. மை: சோயா மை டின் ஒன்று வாங்கி, வருபவர் கண்ணில் படுகிற அலமாரியில் வையுங்கள். திறக்க வேண்டாம். முகூர்த்தப் பத்திரிகை அவசரத்துக்கு மெல்லக் காயும் மை ஒத்துவராது. மெஷினின் ரோலரையும் ரப்பர் பிளாங்கெட்டையும் வழக்கம்போல மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கள். ஆஃப்செட் மெஷின் தண்ணீரில் கலக்கும் ஆல்கஹாலின் ஆவி மூக்கில் ஏறுகிறது என்று யாராவது சொன்னால், ஜன்னலைத் திறந்தால் ஏ.சி. வீணாகும் என்று விளக்குங்கள். மின்சாரச் சிக்கனமும் பசுமைதானே?

6. அறக்குழு: எந்த வேலையை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்ய ஒரு குழு வையுங்கள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் அடியுங்கள். அதற்குப் பெயர் நடுநிலை. தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 127ஏ பிரிவு. பெயர் போடாமல் அடிக்கச் சொல்லி ராத்திரியில் வருகிற ஆர்டருக்குக் கூலி அதிகம். ஆகவே அறக்குழுவை ஓட்டு எண்ணி முடித்தபின் கூட்டுங்கள்.

இவ்வளவும் செய்தால் விருது வரும். விருது வேண்டாம், அச்சகம் ஒழுங்காக நடந்தால் போதும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. மடிக்கும் பெண்களுக்கும் பங்கும் வாக்கும் கொடுங்கள். மெஷின் கழுவுவதை முறை வைத்துச் செய்யுங்கள். தலைவருக்கும் ஒரு முறை உண்டு. நாலு நிறமும் பொருந்தும்வரை வீணாகும் தாள்களை ஒவ்வொரு வேலையிலும் எண்ணி எழுதுங்கள். பழைய வேஸ்ட் ஷீட்டை ஓட்டியே அடுத்த வேலைக்கு செட்டிங் பாருங்கள். தேய்ந்த பிளேட் அலுமினியம். எடைக்குப் போட்டு வரும் காசைப் பொதுக்கணக்கில் சேருங்கள். ஆயிரம் பிரதி கேட்டு வருபவரிடம் ‘எழுநூறு போதுமே’ என்று சொல்லப் பழகுங்கள்.

ஆர்டர் கொஞ்சம் குறையும். மாதக் கடைசியில் கணக்கு நோட்டை நடுவில் விரித்துவைத்து எல்லாரும் சேர்ந்து கவலைப்படுவீர்கள். கூட்டுறவு என்பது அதுதான்.