ஆளில்லாத கோயில் வேண்டும்

செல்போனில் இப்போது ஒரு வசதி இருக்கிறது. எடுத்த படத்தில் யாராவது குறுக்கே நின்றிருந்தால் விரலால் தேய்த்தால் போதும், ஆள் மறைந்துவிடுவார். அவர் நின்ற இடத்தில் கொஞ்சம் கல்லையும் கொஞ்சம் வானத்தையும் செல்போனே போட்டு நிரப்பிக்கொள்ளும். கம்போடியாவின் அங்கோர் வாட்டுக்குத் தன்னந்தனியாகப் போய்த் தம்மையே கண்டடைந்து திரும்புகிற புண்ணியவான்கள் எல்லோரும் இந்தத் தேய்ப்பில் கைதேர்ந்தவர்கள். விடியற்காலை, அல்லிக்குளம், தண்ணீரில் தலைகீழாகக் கோபுரங்கள், கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே ஓர் உருவம். படத்துக்குக் கீழே ஒரு வரி: 'நானும் மௌனமும்.'

அந்தக் கரையில் மௌனத்துக்கு நிற்க இடமே கிடையாது. தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்க முண்டுகிற மாதிரிக் கூட்டம் முண்டும். முன்னால் நிற்பவரின் தலைக்கு மேல் கை, அந்தக் கைக்கு மேல் குச்சி, குச்சி நுனியில் செல்போன். நூற்றுக்கணக்கான பேர் ஒரே குளத்தங்கரையில், ஒரே நிமிடத்தில், ஒரே கோணத்தில் தனிமையை அனுபவிக்கிறார்கள். தனியாக வந்த இந்த யோகியைக் கூட்டிவர ஒரு டுக்டுக்காரர் நாலரை மணிக்கு விடுதி வாசலில் காத்திருந்தார். யோகி குடிக்கிற காப்பிக்கு ஓர் அம்மா மூன்று மணிக்கே அடுப்பு மூட்டினார். ஒரு நாளுக்கு 37 டாலர் வாங்கிக்கொண்டு சீட்டு கொடுக்க ஒருவர், அதைச் சரிபார்க்க இன்னொருவர். ஒரு மனிதன் தனியாக இருப்பதற்கு எத்தனை பேர் தூக்கம் கெட வேண்டியிருக்கிறது!

இவருக்குப் புனிதமும் வேண்டும், ஆனால் கும்பிடுகிறவன் குறுக்கே நிற்கக் கூடாது. பழைய நாகரிகம் வேண்டும், ஆனால் அந்த நாகரிகத்தின் பேரப்பிள்ளைகள் தேங்காயும் சட்டையும் விற்றுக்கொண்டு பக்கத்தில் வரக் கூடாது. வந்தால், 'இடமே வியாபாரமாகிவிட்டது' என்று இரண்டு நட்சத்திரம் போட்டுவிடுவார்.

இவர் ஏகாந்தம் தேடிப் போகும் இடம் எப்படிப்பட்டது? அங்கோர் வனாந்தரம் அல்ல, மாநகரம். 13-ம் நூற்றாண்டில் அங்கே 7 லட்சம் முதல் 9 லட்சம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1296-ல் அங்கே வந்து ஏறக்குறைய ஒரு வருடம் தங்கிய சீனத் தூதுக்குழுக்காரர் சோ தாகுவான், சந்தையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். வியாபாரம் முழுக்கப் பெண்கள் கையில். கடை கண்ணி எதுவும் இல்லை, தரையில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த இடத்துக்கு அதிகாரிகளிடம் வாடகை கட்ட வேண்டும். எழுநூறு வருடங்களுக்கு முன்னால் பாய் விரித்த அந்தப் பெண்ணுக்கும், இன்று 'ஒரு டாலர், ஒரு டாலர்' என்று பின்னால் வருகிற பெண்ணுக்கும் அதிக தூரமில்லை. முதலாமவள் வரலாறு, இரண்டாமவள் தொல்லை.

அதே அங்கோரின் தா புரோம் கோயிலுக்கு வாருங்கள். இலவ மர வேர்கள் கல்லைக் கவ்விக்கொண்டு கிடக்கிற அதே கோயில்தான். இங்கே எடுக்கப்பட்டு 2001-ல் வந்த ஹாலிவுட் படத்துக்குப் பிறகு, அந்த வேருக்கு முன்னால் 'தொலைந்து போன' முகத்தோடு படம் எடுத்துக்கொள்வதற்கு வரிசை நிற்கிறது. ஏழாம் ஜெயவர்மன் 1186-ல் தன் தாயின் நினைவாக எழுப்பிய அந்தக் கோயிலில் 12,640 பேர் குடியிருந்ததாக அதன் கல்வெட்டே சொல்கிறது. ஆடல் மகளிர் மட்டும் 615 பேர். இன்னும் வயிற்றெரிச்சலான சங்கதி, அந்தக் காடு தானாக மிஞ்சிய காடு அல்ல. மற்றக் கோயில்களில் மரங்களை வெட்டிச் சீரமைத்த பிரெஞ்சு நிபுணர்கள், 'கண்டுபிடித்த நிலையில்' ஒன்றாவது இருக்கட்டும் என்று இதைத் தேர்ந்தெடுத்து விட்டுவைத்தார்கள். ஆகவே நீங்கள் தரிசிப்பது இயற்கையை அல்ல, நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு பாழை.

அங்கோரைக் 'கண்டுபிடித்தது' யார் என்று கேட்டால் பிரெஞ்சுக்காரர் ஆன்றி மூஓ என்று பதில் வரும், வருடம் 1860. அதற்கு முன்பே, 1586-ல், ஒரு போர்ச்சுக்கீசியத் துறவி வந்து பார்த்துவிட்டுப் போனார். 1632-ல் ஜப்பானிலிருந்து யாத்திரை வந்தவர் தூணில் எழுதி வைத்துவிட்டே போனார். இதெல்லாம் இருக்கட்டும். மூஓ வந்தபோதும் அங்கே புத்த பிக்குகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அடுப்பில் சோறு கொதிக்கிற வீட்டுக்குள் நுழைந்து 'இந்த வீட்டை நான் கண்டுபிடித்தேன்' என்று கூவினால் நம்மூரில் விளக்குமாறு பறக்கும். அங்கே பறந்தவை குடிசைகள். 1910 வாக்கில், கோயிலின் முகப்பை மறைக்கின்றன என்று பிக்குகளின் குடில்களை பிரெஞ்சு நிர்வாகம் அப்புறப்படுத்தியது. செல்போனில் அந்த வசதி வருவதற்கு நூறு வருடம் முன்பே தேய்ப்பு ஆரம்பமாகிவிட்டது.

ஆளில்லை என்று ஆகிவிட்டால் அடுத்து என்ன? அள்ளிக்கொண்டு போகலாம். 1923-ல் ஆந்த்ரே மால்ரோ என்ற இளம் எழுத்தாளர் பந்தெய் ஸ்ரெய் கோயிலில் தேவதைச் சிற்பங்களை அறுத்தெடுத்துப் பெட்டியில் அடைத்துக் கிளம்பினார். நோம்பென்னில் பிடிபட்டார். கேட்பாரற்றுக் கிடந்த கோயில் என்பதுதான் அவர் தரப்பு வாதம். மூன்று வருடத் தண்டனை மேல்முறையீட்டில் தேய்ந்து, கடைசியில் சிறை வாசலைக்கூட மிதிக்காமல் ஊர் திரும்பினார். 1959-ல் பிரான்சின் கலாசார அமைச்சரானார். தகுதியும் அனுபவமும் இருந்தன.

நம் ஆட்களை மட்டும் விட்டுவிடுவேனா? நம் தனிப்பயணிக்குக் கண்டுபிடிக்கிற வேலைகூடக் கிடையாது. 'அங்கோர் வாட் தமிழன் கட்டியது' என்று வாட்ஸாப்பில் ஏற்கெனவே பட்டா போட்டாயிற்று. சூரியவர்மன் என்ற பெயர் போதாதா? சோழர் காலச் செப்பேடு, காம்போச அரசன் ராஜேந்திரனுக்குத் தேர் அனுப்பிய செய்தியைச் சொல்கிறது. அது உறவு. அதை நிலப்பத்திரமாகப் படிப்பது நம் சாமர்த்தியம். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் காலத்தில் கல்லைச் சுமந்து, இழைத்து, செதுக்கியவர்கள் கெமர் மக்கள். அவர்கள் பிள்ளைகளிடமே தேங்காய்க்கு அரை டாலர் பேரம் பேசிக்கொண்டு, அவர்கள் பாட்டனின் உழைப்பை நம் பாட்டன் கணக்கில் எழுதுகிறோம். வெள்ளைக்காரன் சிற்பத்தை அறுத்தான், நாம் பெயரை அறுக்கிறோம்.

இனிமேல் சிரிக்க எதுவும் இல்லை.

2022-ன் கடைசியிலிருந்து அங்கோர் வளாகத்தில் குடியிருந்த சுமார் பத்தாயிரம் குடும்பங்களைக் கம்போடிய அரசு வெளியேற்றத் தொடங்கியது. பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் ருன் தா ஏக் என்ற வெட்டவெளி. கொடுத்தது ஒரு மனையும் கூரைத் தகடுகளும் கொஞ்சம் பணமும். வீட்டை அவர்களே கட்டிக்கொள்ள வேண்டும், கடன் அவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றுலாப் பயணி நடமாடாத வெளியில் காப்பியும் சட்டையும் யாரிடம் விற்பார்கள்? எல்லோரும் தாமாக முன்வந்து போகிறார்கள் என்றது அரசு. இது தன்னார்வம் என்ற போர்வையில் நடக்கும் கட்டாய வெளியேற்றம் என்று 2023 நவம்பரில் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி அறிக்கை வெளியிட்டது. உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து கோயில் நீக்கப்பட்டுவிடும் என்று பூச்சாண்டி காட்டித்தான் ஜனங்களைக் கிளப்பினார்கள். யுனெஸ்கோவைக் கேட்டால், வெளியேற்றச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை என்றது. கை வேறு, கத்தி வேறு, குத்தியது யார் என்று மட்டும் தெரியாது.

அங்கோருக்கு மட்டும் வாய்த்த விதியும் அல்ல இது. ஜோர்டானின் பெட்ரா 1985-ல் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதே வருடம் குகைகளில் வாழ்ந்துகொண்டிருந்த பதுல் பழங்குடியினர் மலைக்கு மேலே ஒரு குடியிருப்புக்கு இறக்கப்பட்டார்கள். ஆமாம், மேலே ஏற்றி இறக்கினார்கள். எகிப்தின் லக்சரில் கல்லறைகளோடு ஒட்டி வாழ்ந்த குர்னா கிராமத்தை 2006 முதல் புல்டோசர் தின்றது. செத்தவர்களின் வீட்டுக்கு மதிப்பு கூட வேண்டுமென்றால் உயிரோடு இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும் போலிருக்கிறது.

அரசுகள் இந்தப் பழைய யோசனையை விடாதபடி பார்த்துக்கொள்வது யார்? ஐயா தனிப்பயணியே, நீங்கள்தான். கூட்டமாக வருகிற பஸ் ஜனங்களுக்கு ஐஸ்க்ரீம் கிடைத்தால் போதும், கடை இருந்தால் சந்தோஷம். ஆளே இல்லாத கல் வேண்டும் என்றது நீங்கள். நீங்கள் தேய்த்து அனுப்புகிற படங்கள்தாம் சுற்றுலாத் துறைகளுக்கு இந்தப் பழைய தொழிலைத் தொடரத் தெம்பு. நீங்கள் விரலால் செய்ததை அவர்கள் லாரி வைத்துச் செய்கிறார்கள்.

அடுத்த முறை அங்கோருக்குப் போனால் பாயோன் கோயிலின் வெளிச்சுற்றுச் சுவரைப் பாருங்கள். அங்கே தெய்வங்கள் குறைவு. சேவல் சண்டைக்குப் பணம் கட்டுகிறவர்கள், அடுப்படியில் வேகிறவர்கள், மீனை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிற ஒரு பெண். அனுமதி, குடியிருப்புச் சான்று எதுவும் இல்லாமல் எண்ணூறு வருடமாக அதே இடத்தில் கடை போட்டிருக்கிறாள். கல்லாக இருப்பதால் லாரியில் ஏற்ற முடியவில்லை.

விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.