சர்வர் அண்ணனும் லிங்க் தம்பியும்

(திருப்பூர். ஜூலை கடைசி வாரம். ஆடிட்டர் உள்ளே யாருக்கோ வரிக்கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருவர். அண்ணன் ஹோஸ்டிங் ரீசெல்லர். விசிட்டிங் கார்டில் ‘கிளவுட் டேட்டா சென்டர்’ என்று இருக்கும். டேட்டா சென்டரை அவர் படத்தில் பார்த்ததோடு சரி. தம்பி அஃபிலியேட். கார்டே கிடையாது, லிங்க்தான்.)

அண்ணன்: உனக்கு என்னடா கண்ணு ஆடிட்டர்கிட்ட வேலை?

தம்பி: கமிசன்ல 2 சதவீதம் டிடிஎஸ் புடிச்சுட்டாங்ணா. திருப்பி வாங்கலாம்னு. உங்களுக்கு இந்த வருசம் எவ்வளவு தேறுச்சுங்?

அண்ணன்: நாப்பது கஸ்டமரு. ஆளுக்கு வருசம் 3,500. மேல கம்பெனிக்கு நான் கட்டறது மாசம் 1,500. மொத்தமா மூட்டை எடுத்துக் கிலோக் கணக்குல விக்கிற மளிகைக்கடை மாதிரிதான்.

தம்பி: அப்ப 1,22,000 கையில. உக்காந்த எடத்துல!

அண்ணன்: எங்கடா உக்காந்தேன்? போன வாரம் ராத்திரி பதினொன்ற. பனியன் கம்பெனிக்காரர் போன் பண்றார். ஜெர்மனி பையருக்கு அனுப்புன கொட்டேசன் ஸ்பாம்ல கெடக்குதாம். பாத்தா, அதே சர்வர்ல குடியிருக்கற எவனோ லாட்டரி மெயிலா அனுப்பித் தள்ளி, ஐபி ஸ்பாம்ஹாஸ் பிளாக்லிஸ்ட்ல ஏறிருச்சு. அந்த ஐபி எத்தன பேருக்குப் பொதுவோ, சாமிக்குத்தான் வெளிச்சம். இவருக்குத் ‘தனி சர்வர்’னு சொல்லி வித்திருக்கேன்.

தம்பி: என்ன சொல்லிச் சமாளிச்சீங்?

அண்ணன்: ‘எங்க நெட்வொர்க் டீம் பாத்துட்டு இருக்காங்க’ன்னேன்.

தம்பி: டீமுங்களா?

அண்ணன்: நானும் உங்க அண்ணியும். நான் டிக்கெட் போட்டேன், அவ காப்பி போட்டா. மேல கம்பெனி சாட்ல ஒருத்தன் ‘பொறுமைக்கு நன்றி’ன்னு விடிய விடிய டைப் பண்ணிட்டே கெடந்தான்.

தம்பி: எனக்கு அந்த வம்பே இல்லீங்ணா. ‘இந்த ஆண்டின் சிறந்த 10 ஹோஸ்டிங்’னு ஒரு கட்டுரை. ஆளு கிளிக் பண்ணுனா குக்கி உக்காந்துக்கும். தொண்ணூறு நாளைக்குள்ள எப்ப வாங்குனாலும் காசு எனக்கு. அதுக்கப்புறம் அவன் யாரோ, நான் யாரோ.

அண்ணன்: பத்தையும் வாங்கிப் போட்டுப் பாத்தியா?

தம்பி: பத்துக்கும் என்ன கமிசன்னு பாத்தேன். அதிகமாக் குடுக்கறவன் முதலிடம். ஜனவரி ஆச்சுன்னா வருசத்தை மட்டும் மாத்திருவேன்.

அண்ணன்: நானும் படிச்சேன். ஒண்ணாவது புளூஹோஸ்ட், நாலாவது ஹோஸ்ட்கேட்டர். ரெண்டும் எண்டியூரன்ஸ் கையில இருந்ததுதான? 2021-ல வேற கம்பெனியோட சேந்து நியூஃபோல்ட் டிஜிட்டல்னு ஆச்சே, அந்தக் கம்பெனி.

தம்பி: அதனாலதாங்ணா ஒரே பாராவை ரெண்டு விதமா எழுதி வெச்சேன்.

அண்ணன்: காசு வாங்கிட்டுப் பரிந்துரை பண்ணுனா கண்ணுல படற மாதிரி சொல்லோணும்னு 2023-லயே நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிருச்சேடா.

தம்பி: சொல்லிருக்கேனே! பக்கத்துக்கு அடியில, சாம்பல் மேல சாம்பல் எழுத்துல.

(எழுதுகிறவன் இங்கே குறுக்கிட வேண்டியிருக்கிறது. தம்பியின் கட்டுரையில் ‘மாதம் 69 ரூபாய் மட்டுமே’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த விலைக்கு 48 மாதப் பணத்தையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும் என்பதோ, புதுப்பிக்கும்போது விலை ஏறிவிடும் என்பதோ அங்கே கிடைக்காது. அண்ணன் பில்லும் லேசுப்பட்டதல்ல.)

தம்பி: என்னைச் சொல்றீங். உங்க பில்லுல எஸ்எஸ்எல் சர்டிபிகேட்னு 1,000 ரூபாய் போட்டிருக்கீங். லெட்ஸ் என்க்ரிப்ட் 2015-ல இருந்து அதைச் சும்மாவே குடுக்குது.

அண்ணன்: அவன் சும்மா குடுப்பான். தொண்ணூறு நாளைக்கு ஒருக்காப் புதுப்பிக்கோணுமே, அது யாரு?

தம்பி: சர்வரை நிர்வகிக்கற சிபேனல் சாப்ட்வேரே தானாப் பண்ணிக்குதுங்.

அண்ணன்: தானாப் பண்ணுதான்னு ஒரு ஆளு பாக்கோணும்ல? அந்தக் கூலி.

தம்பி: பேக்கப்புங்?

அண்ணன்: தெனமும் எடுத்து அதே சர்வர்ல வெச்சிருக்கேன். பக்கத்துலயே இருந்தா அவசரத்துக்கு எடுக்கச் சௌகரியம்.

தம்பி: 2021 மார்ச் 10-ல ஸ்ட்ராஸ்பூர்க்ல ஓவிஎச் டேட்டா சென்டர் எரிஞ்சப்ப, இப்படிச் சௌகரியம் பாத்தவங்களுக்கு சைட்டும் போச்சு, பேக்கப்பும் போச்சு.

அண்ணன்: நம்முளுது பிரான்ஸ்ல இல்லடா.

தம்பி: எங்கீங் இருக்குது?

அண்ணன்: (யோசித்து) டிக்கெட் போட்டுத்தான் கேக்கோணும். போன வருசந்தான் கம்பெனி மாத்துனேன். 2019-ல சிபேனல்காரன் அக்கவுண்டுக்கு இவ்வளவுன்னு விலை வெச்சதுல இருந்து, சும்மா தூங்கற கஸ்டமருக்கும் நான் காசு கட்டறேன். அப்பத்தான் ‘ரீசெல்லர்களுக்கேற்ற 7 நிறுவனங்கள்’னு ஒரு கட்டுரை கண்ணுல பட்டுச்சு. முதல்ல இருந்தவங்கிட்டப் போயிட்டேன்.

தம்பி: பச்சைக் கலர் பட்டனுங்களா?

அண்ணன்: ஆமா.

தம்பி: ‘நான் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன்’னு இருந்துச்சுங்களா?

அண்ணன்: டேய்!

தம்பி: நல்ல கமிசனுங்ணா அது. அந்தக் காசுலதான் அம்மாவுக்குப் பல்லுக் கட்டுனோம். ஆமா, அந்தக் கம்பெனி எப்படிங் இருக்குது? ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா ‘பயனர் அனுபவம்’னு சேத்துக்கறேன்.

அண்ணன்: (முறைக்கிறார். முறைப்பு மெல்லக் கணக்காக மாறுகிறது) சாதா ஹோஸ்டிங்குக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு வரும்?

தம்பி: மூவாயிரம் வரைக்கும் வரும்ங்.

அண்ணன்: எங்கிட்ட நாப்பது பேரு. அத்தன பேரையும் உன் லிங்க்ல தள்ளிவிட்டா 1,20,000. எனக்கு வருசமெல்லாம் மாரடிச்சு மிஞ்சறதும் அவ்வளவுதான்.

தம்பி: பாதி பாதிங்ணா. ஆனா ஒருக்காத்தான் வரும். ரின்யூவலுக்குக் கமிசன் இல்ல.

அண்ணன்: அடுத்த வருசம் உன் ரெண்டாவது எடத்துக்கு மாத்திட்டாப் போச்சு. பத்து எடம் இருக்குதல்ல?

தம்பி: (எழுந்து நின்றுவிடுகிறான்) இது எனக்குத் தோணலீங்ணா! சரி, ராத்திரி போன் வந்தா?

அண்ணன்: உன் நம்பரைக் குடுத்துர்றேன்.

தம்பி: ஐயோ, எடுக்கலீன்னா கேன்சல் பண்ணிருவாங்க. 45 நாளைக்குள்ள கேன்சல் ஆனா கமிசனைப் புடுங்கிக்குவான்.

அண்ணன்: எப்படிடா கேன்சல் பண்ணுவாங்க? நாப்பது டொமைனும் என் பேர்லதான கெடக்குது.