அட்மின் அண்ணாச்சி

எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் முதலில் கூப்பிடுவது அட்மின் அண்ணாச்சியைத்தான். என்ன கோளாறு என்று கேட்கமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். "ரைட் கிளிக் பண்ணுங்க. ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க." வைத்தியம் முடிந்தது. பிரிண்டர் ஓடவில்லையா, அதே மருந்து. பையனுடைய கேம் திறக்கவில்லையா, அதே மருந்து. நோட்பேடில் பால் கணக்கு எழுதுவதற்குக்கூட அவருக்கு அட்மின் அதிகாரம் வேண்டும். ஏன் என்று கேட்டால், "சும்மா தொறந்தா கம்ப்யூட்டரு நம்மள மதிக்காதுல்லா!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் பழகியது 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில். அதை நிறுவும்போது உண்டாகும் கணக்கே அட்மின் கணக்கு. எதைத் திறந்தாலும் முழு அதிகாரத்தோடு திறக்கும். பென் டிரைவில் தொற்றிக்கொண்டு வந்த வைரஸுக்கும் அதே ராஜமரியாதை. 2007-இல் விஸ்டா வந்து அந்த ஆட்சியைக் கலைத்தது. நீங்கள் அட்மினாகவே இருந்தாலும் அன்றாடப் புழக்கத்துக்குச் சாதாரண அதிகாரம்தான். அதற்குமேல் வேண்டுமென்றால் திரை மங்கி, அனுமதிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். சொந்த வீட்டு வாசலில் வாட்ச்மேன் நிறுத்தி "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டதுபோல அண்ணாச்சி கொதித்துப்போனார்.

அந்தக் கேள்வியை அவர் இதுவரை படித்ததாகத் தகவல் இல்லை. திரை மங்கும்போதே விரல் 'யெஸ்'ஸில் இருக்கும். விண்டோஸ் 10-இல், தயாரித்தவர் இன்னார் என்று உறுதியானால் நீலப் பட்டை காட்டும்; ஊர் பேர் தெரியாத சரக்கென்றால் மஞ்சள். மூன்றாம் மாடி அக்கா ஓசியில் இறக்கிய ஏதோ ஒரு தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரை நிறுவியபோது மஞ்சள் வந்தது.

"மஞ்சளா வருதே அண்ணாச்சி?"

"மங்களகரமால்லா இருக்கு! அமுக்குங்கம்மா."

அமுக்கினார். மறுநாளிலிருந்து பிரவுசரைத் திறந்தால் ரம்மி ஆடக் கூப்பிடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அட்மினாகத் திறந்தால் வசதி சில இடங்களில் குறையத்தான் செய்கிறது. ஃபோல்டரிலிருந்து ஒரு ஃபைலை இழுத்து, அட்மினாகத் திறந்த நோட்பேடில் போட்டால் விழாது. குறைந்த அதிகாரத்தில் ஓடும் நிரல், கூடிய அதிகாரத்தில் ஓடுவதற்குள் கைவைக்கக் கூடாதென்று விண்டோஸ் நடுவில் சுவர் வைத்திருக்கிறது. அண்ணாச்சிக்குச் சுவர் தெரியவில்லை. புது மௌஸ் வாங்கிவிட்டார்.

இதற்கிடையில் மூன்றாம் மாடி அக்கா மகன் அண்ணாச்சியின் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு போட்டுக்கொடுத்தான். அங்கே 'சுடோ' என்ற கட்டளை இருப்பதை அறிந்ததும் அண்ணாச்சி முகத்தில் பழைய களை திரும்பியது. அமெரிக்காவில் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் 1980 வாக்கில் பிறந்தது அது. ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் அதிகாரத்தை இரவல் கொடுப்பதுதான் அதன் நோக்கம். இரவல் வாங்கியதைத் திருப்பித் தரும் வழக்கம் அண்ணாச்சிக்கு எதிலும் கிடையாது. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் புள்ளிகூட வராததால் கீபோர்டு போய்விட்டதென்று முதல் நாள் கூச்சல் போட்டார். பிறகு எல்லாவற்றுக்கும் முன்னால் சுடோ சேர்த்தார். அப்படி உருவாக்கிய ஃபைலுக்கெல்லாம் சொந்தக்காரர் 'ரூட்', அதாவது அங்குள்ள தலைமை அட்மின், என்று பதிவாகிவிட்டது. கடைசியில் சொந்த பென்ஷன் மனுவைத் திருத்திச் சேமிக்க அவருக்கே அனுமதி இல்லை! அதற்கும் மருந்து கண்டுபிடித்தார்: 'சிஎச்மாட் 777'. இப்போது அந்த மனுவை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம், நிரலாக ஓட்டியும் பார்க்கலாம்.

பொறுத்துப் பார்த்த அவர் மகள், வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் அப்பாவுக்குச் சாதாரண யூசர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அட்மின் கணக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். இப்போது திரை மங்கினால் வெறும் 'யெஸ்' எடுபடாது. மகளுடைய பாஸ்வேர்டு வேண்டும். பதவி பறிபோன அண்ணாச்சி, கூப்பிடாமலே மற்ற வீடுகளுக்குச் சேவை செய்யக் கிளம்பியிருக்கிறார். உங்கள் வீட்டுக்கும் வருவார். நல்ல மனிதர், காபி கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் மட்டும் மறந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.